சித்தப்பாவின் முகத்தில் வைத்த புள்ளிகள்

ஒரு முகத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறோம் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். ‘பார்த்தால் தெரிகிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு மாட்டிக்கொண்டவன். எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு, மிஷினுக்கு முகம் பார்க்கச் சொல்லித்தரும் வேலையில் இறங்கினேன். என் சொந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருந்த ஒரு முகம் யாருடையது என்று தெரியாமல் நான் முழித்ததும் அதே நாட்களில்தான்.

என் பாடம் கிராஃப் தியரி. பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் கிராஃப் பேப்பர் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புள்ளிகள், புள்ளிகளைச் சேர்க்கும் கோடுகள், இவ்வளவுதான் அந்தக் கணக்கு. புள்ளியை எங்கே வைத்தாய், கோட்டை வளைத்துப் போட்டாயா நீட்டிப் போட்டாயா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு படங்கள் வேறு வேறாக இருக்கும். ஒட்டுறவே இல்லாததுபோல் தெரியும் இரண்டு படங்கள் கடைசியில் ஒன்றே என்று ஆகிவிடும். படித்த வருடம் எனக்குத் தலை சுற்றியது, பாடம் நடத்திய வருடம் பையன்களுக்குச் சுற்றியது.

என் கைடு பாலக்காட்டிலேயே பல தலைமுறையாக வேரூன்றிய தமிழ்க் குடும்பத்துக்காரர். வாழ்த்துச் சொன்னால்கூடச் சண்டைக்கு வருவதுபோல் இருக்கும். அவர் ஒரு நாள், வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையின் நகலை என் முன்னால் போட்டார். கம்ப்யூட்டருக்கு முகம் காட்டிப் பழக்குகிறவர்கள் எழுதியது. மிஷினுக்கு முகம் என்ற ஒன்று தெரியாது. இங்கே இருட்டு, அங்கே வெளிச்சம் என்ற எண்கள்தான் தெரியும். அதனால் அவர்கள் முகத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கண் ஒரு புள்ளி, மூக்கு ஒரு புள்ளி, வாய் ஒரு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஸ்பிரிங் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு படத்துக்குள் முகம் எங்கே இருக்கிறது என்று தேட அவர்கள் கண்ட வழி இது. இதையே திருப்பிப் போட்டு, ஒரு முகத்தின் வலையை இன்னொரு முகத்தின் மேல் போர்த்திப் பார்த்தால் என்ன என்பது என் யோசனை. ஸ்பிரிங்குகள் எவ்வளவு குறைவாக இழுபடுகின்றனவோ, அந்த அளவுக்கு இரண்டும் ஒரே ஆள்.

“புள்ளியும் கோடும் உனக்குத் தெரியும். மூஞ்சி எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு இருக்கு. செஞ்சு பாரேன், என்ன போச்சு?” என்றார் கைடு.

என் வீடு மூணாறுக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில். பாலக்காட்டிலிருந்து உடுமலை வந்து, மறையூர் மலையேறும் பஸ்ஸைப் பிடித்து, மூணாறில் இறங்கி ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டும். அப்பா ஃபாக்டரியில் கொழுந்தைச் சுருட்டும் ரோலர் மிஷினில் நின்றார். அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்து வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, சுவரில் ஒரே ஒரு போட்டோ.

அந்தப் போட்டோவில் இருப்பவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. சின்ன வயதிலேயே திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர், போனவர்தான். கொஞ்ச காலம் கழித்து அப்பா மூணாறு மலைக்கு ஏறினார். பிற்பாடு எப்போதோ கொழும்பிலிருந்து தபாலில் இந்தப் படம் மட்டும் வந்ததாம். கோட்டுப் போட்டு, தலையை நடுவகிடு எடுத்துச் சீவி, அடர்ந்த மீசையோடு ஒரு பூந்தொட்டியின் மேல் கை வைத்தபடி இருப்பார். அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இருப்பவருக்கு மாலை போடக்கூடாது, இல்லாதவருக்குப் போடாமலும் இருக்கக்கூடாது. ஆகவே அம்மா பொங்கலுக்குப் பொங்கல், வைத்ததா மேலிருந்து விழுந்ததா என்று சொல்ல முடியாதபடி சட்டத்தின் மூலையில் ஒரே ஒரு பூவைச் சொருகிவைப்பாள்.

இலங்கையிலிருந்து தோட்டத்து ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம் அது. மழைக்காலத்து விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு மத்தியானம், தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, முழுக்க நனைந்த ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். மண்டபம் முகாமிலிருந்து சொந்த ஊருக்குப் போய் விசாரித்து, அங்கிருந்து மூணாறு என்று கேட்டுக் கேட்டு வந்தவர். “அண்ணே” என்றார் அப்பாவைப் பார்த்து. அப்பா அப்படியே நின்றார்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். வந்தவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள்.

“இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்.”

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான்,” என்றார் அவர். “கண்டியில எடுத்தது.”

“கொழும்புலருந்து வந்துச்சுன்னுல்ல சொன்னாங்க?”

“எடுத்தது கண்டியில. கொழும்புக்குப் போற ஆளுகிட்ட குடுத்துத் தபால்ல போடச் சொன்னேங்க.”

அம்மாவின் முகத்தில் நம்பிக்கை ஏறவில்லை. எனக்கும் ஏறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். படத்தில் இருந்தவருக்கு அகன்ற முகம், வந்தவருக்கு நீண்டு ஒட்டிய முகம். ஆனால் இடையில் எத்தனையோ வருடம், எவ்வளவோ பட்டினி. தேய்ந்த முகத்தை எதை வைத்துச் சொல்வது? ஊர்க் கண்மாய் மேற்கே என்று சரியாகச் சொன்னார். கோயில் மரம் வேம்பு என்று தப்பாகச் சொன்னார். கிணற்றில் எருமை விழுந்த கதையைச் சொன்னார், அப்பா தலையாட்டினார். எருமை எல்லா ஊர்க் கிணத்திலும்தான் விழும் என்றாள் அம்மா. என்னை அவர் இலங்கைத் தோட்டத்து வழக்கப்படி “வாங்க மகன், இருங்க மகன்” என்று கூப்பிட்டார். கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ இளகியது, அம்மா அடுப்பில் விறகைத் தள்ளும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

அம்மாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. கீழ் லயத்தில் மாமன் முறை சொல்லி வந்து தங்கிய ஒருவன், அண்டா குண்டாவோடு காணாமல் போயிருந்தான். அதைவிடப் பெரிய பயம் வீடு. லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை செய்கிறவரும் அவருடைய ரத்த உறவும் மட்டும்தான் இருக்கலாம். வெளியாளை வைத்துக்கொண்டால் வீட்டையே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். எஸ்டேட் ஆபீஸில் இருந்த மலையாளி கிளார்க் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார், நானும் கூடப் போனேன்.

“தம்பியா? சரி. பக்‌ஷே தெளிவு வேணுமே,” என்றார். மாதம் முடிவதற்குள் காட்டாவிட்டால் அந்த ஆள் இறங்கிப் போக வேண்டும் என்றார். மலையாளத்தில் பக்‌ஷே என்றால் ஆனால், தெளிவு என்றால் சாட்சியம். என்னிடம் தமிழ்த் தெளிவும் இல்லை, மலையாளத் தெளிவும் இல்லை. அவர் எங்கே இறங்கிப் போவார் என்று கேட்டேன். முகாமில் கொடுப்பதாகச் சொன்ன இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அண்ணன் இருக்கிறார் என்ற ஒன்றை நம்பி வந்தவர் அவர். கிளார்க் ரிஜிஸ்டரை மூடிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“என்னமோ மிஷின வச்சு மூஞ்சி கண்டுபிடிக்கிறேன்னு சொல்றியே, இந்த மூஞ்சியக் கண்டுபிடிச்சுச் சொல்லேன். ஆமான்னா சோறு போடுறேன். இல்லன்னா பஸ்ஸு ஏத்தி விடு.”

“அதெல்லாம் ஒன்னும் வேண்டாம்,” என்றார் அப்பா. சம்பந்தப்பட்டவரோ சிரித்துக்கொண்டே, “அளந்து பாருங்க மகன், எனக்கு ஒன்னும் இல்ல,” என்றார். அந்தச் சிரிப்பு துணிச்சலா, அப்பாவித்தனமா, ஏமாற்றா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பாலக்காடு போய்க் கைடிடம் விஷயத்தைச் சொன்னபோது திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கோ சுவாரஸ்யம் தட்டிவிட்டது.

“ஒத்தனை மட்டும் அளந்துட்டு, ‘ஒத்துவரலை’ன்னா அதுக்கு என்ன அர்த்தமாக்கும்? எதைவிட ஒத்துவரலை? சம்பந்தமே இல்லாத ஒத்தனை அளக்கணம். சந்தேகமே இல்லாத ஒத்தனையும் அளக்கணம். உன் அப்பா அந்தப் படத்துல இருக்கறவனுக்குக் கூடப்பிறந்தவர்தானே? அவர் எவ்வளவு தூரத்துல நிக்கறார்னு தெரிஞ்சாத்தான் வந்தவன் நிக்கற தூரம் புரியும்.”

நியாயமான பேச்சு. சம்பந்தமில்லாதவராகப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்தேன். வடை வாங்கித் தருகிறேன் என்றதும் வந்துவிட்டார். கண்டியிலிருந்து வந்தவரும் சிரித்த முகத்தோடு புறப்பட்டார். அப்பாதான் அடம்பிடித்தார். “எனக்கெதுக்குல போட்டோ?” என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். ஐம்பது தாண்டியவர் ஊசிக்குப் பயந்த பிள்ளைபோல் நடந்துகொண்டது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அம்மா போட்ட சத்தத்தில்தான் எழுந்து வந்தார்.

மூணாறு ஸ்டுடியோவில் மற்ற இரண்டு பேரும் ஒரே தடவையில் முடித்துக்கொண்டார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் அடிக்கும்போது கண்ணை மூடினார். ஸ்டுடியோக்காரர் மஃப்ளரை எடுக்கச் சொன்னார், எடுத்ததும் தலையைக் குனிந்தார். கடைசியில் ஒரே ஒரு படத்தில் கண் திறந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவர் மாதிரி அதில் விழித்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் படத்தைப் பார்க்கும் மிஷின் எதுவும் கிடையாது. கண் என்னுடையதுதான், கணக்கு மட்டும் மிஷினுடையது. போட்டோவைக் கிராஃப் பேப்பரின் மேல் வைத்து, கண் ஓரங்கள், மூக்கு நுனி, வாய் ஓரங்கள், தாடை, காது மடல் என்று ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்துவேன். அடியில் விழும் துளையின் இடத்தை எண்ணாக எழுதிக்கொள்வேன். கடைசியில் புதுப் போட்டோக்கள் எல்லாம் அம்மை வார்த்த முகம்போல் ஆகிவிட்டன. சட்டத்துக்குள் இருந்த பழைய படத்தைக் குத்த அப்பா விடவில்லை. அதைத் தொடவே விடவில்லை. கண்ணாடியின் மேல் மெல்லிய தாள் ஒட்டி, பென்சிலால் புள்ளி எடுத்துக்கொண்டேன். நான் எடுத்து முடிக்கும் வரை அவர் என் பின்னாலேயே நின்றார்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இருந்த கம்ப்யூட்டரில் சனிக்கிழமை நேரம் கிடைத்தது. எண்களை ஓட்டைகளாக அடித்த அட்டைகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாலக்காட்டிலிருந்து ரயிலேறினேன். தாள் தாளாக முடிவு அடித்து வந்தது. சரியாகப் படிக்கிறேனா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். பழைய படத்துக்கு மிக அருகில் நின்றது அப்பா. அடுத்து, போடியிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர். எல்லாவற்றுக்கும் கடைசியில் கண்டியிலிருந்து வந்தவர்.

வடைக்காக வந்த ஆள் எங்கள் சித்தப்பாவாக இருப்பதற்கு அதிக வாய்ப்பு என்கிறது மிஷின். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. புள்ளிகளை மறுபடி எடுத்து, அட்டைகளை மறுபடி அடித்து, அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். அதே வரிசைதான் வந்தது.

அந்த வாரம்தான் கணக்கு உலகத்தில் இன்னொரு செய்தி வந்து எங்களைக் குழப்பியிருந்தது. எந்த வரைபடத்தை எடுத்தாலும் பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறமாகாமல் தீட்ட நாலு நிறம் போதும் என்பது கிராஃப் தியரியில் நூறு வருடத்துக்கும் மேலாக நிரூபணமாகாமல் கிடந்த விஷயம். அதை ஒரு கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் ஓட்டி நிரூபித்துவிட்டார்கள் என்றார்கள். கைடு அதில் வெந்துகொண்டிருந்தார்.

“யாரு வாசிச்சுப் பாத்தாளாம்? மனுஷன் வாசிக்க முடியாத நிரூபணம் ஒரு நிரூபணமாடா? மிஷின் சொல்லித்து, நாம தலையாட்டணம், அவ்வளவுதானே!”

அந்தச் சூட்டோடு என் தாள்களைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது.

“வந்தவனை விடு. உன் அப்பாவோட எண்ணைப் பாரு. கூடப்பிறந்தவா இவ்வளவு கிட்டக்க வரமாட்டாடா. ஒரே ஆளை ரெண்டு தடவை அளந்த மாதிரின்னா இருக்கு! எங்கயோ அட்டையை மாத்திப் போட்டிருக்கே. போ.”

எங்கே மாற்றிப் போட்டேன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. மாதமும் முடியப்போகிறது. அப்பா எண் தப்பு என்றால் வந்தவர் எண்ணும் தப்பாக இருக்கலாம். அப்பா எண் சரி என்றால் வந்தவர் எங்களுக்கு யாருமில்லை, அவரை நான் பஸ் ஏற்றிவிட வேண்டும். தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு மூணாறுக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொரு முகத்திலும் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். மறையூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஃபாக்டரி வாசலுக்குப் போனேன். மத்தியான முறை மாறும் நேரம். பச்சைக் கொழுந்து வாடை அடிக்க அப்பா வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், விறகு அடுக்கியிருந்த இடத்துக்கு நடந்தார். நான் தாள்களைப் பிரித்துவைத்துக்கொண்டு ஸ்பிரிங், புள்ளி, இழுபாடு என்று எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் கணக்குப்படி வந்தவர் சித்தப்பா இல்லை, ஆனால் அந்தக் கணக்கையே நம்ப முடியவில்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் இருப்பது நீங்கள்தான் என்பதுபோல எண் வருகிறது, எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்றேன்.

“தப்பில்லல,” என்றார் அப்பா. “அது நாந்தான்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. “எதுப்பா?”

“அந்தப் படம்.” விறகின் மேல் உட்கார்ந்தார். “எங்க அம்மை, ‘சின்னவம் மொகத்த ஒருக்கா பாக்கணும், ஒருக்கா பாக்கணும்’னு அழுதுக்கிட்டே கெடந்தா. அவங்கிட்டருந்து கடுதாசியும் இல்ல, தகவலும் இல்ல. அவளுக்குக் கண்ணு வேற மங்கிட்டே வந்துச்சு. நான் போடியில ஒரு ஸ்டுடியோவுக்குப் போயி, ஸ்டுடியோக்காரங் கோட்ட வாங்கி மாட்டிக்கிட்டு உக்காந்தேன். மீச அவம் பென்சில்ல வரைஞ்சது. கொழும்புலருந்து தபால்ல வந்துச்சும்மான்னு கொண்டுபோயிக் குடுத்தேன். நெஞ்சுல வச்சுக்கிட்டே தூங்குனா. அவ போனதுக்குப் பொறவு படம் எங்கிட்ட வந்துட்டு. ஒங்கம்மைக்குக்கூடத் தெரியாது. ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லுதேன்.”

நான் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மிஷின் சரியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அது சொன்னது நான் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை.

“அப்போ வந்திருக்கிறவரு யாருப்பா?”

“தெரியலல.”

“கூடப்பிறந்த தம்பி. மொகத்தப் பாத்தா தெரியாதா?”

அப்பா கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் படத்தப் பாத்துப் பாத்து அவம் மொகம் எனக்கு மறந்துட்டு. தம்பின்னு நெனச்சாலே கோட்டுப் போட்டுக்கிட்டு நாந்தான் வந்து நிக்கேன். நானும் தேடித்தான் பாக்கேன், வரமாட்டேங்கு.”

என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆறுதல் சொல்லத் தெரியாமல், வாத்தியார் புத்தியில் நான் இன்னொரு கேள்வி கேட்டேன்.

“ஆனா அவரு அந்தப் படத்தப் பாத்து ‘நான்தான்’னு சொன்னாரே. பொய்யின்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமில்ல?”

“தெரியும்.”

“பெறகு எப்படி வீட்டுல வச்சிருக்கீங்க?”

“அந்தப் படத்தக் காட்டி இதுதான் தம்பின்னு பொய் சொன்னது ஒலகத்துல ரெண்டே பேருல. மொதல்ல நான், இப்ப அவன். நான் அம்மைக்காவச் சொன்னேன், அவன் ஒரு வாய்ச் சோத்துக்காவச் சொன்னான். எனக்கொரு அவசரம், அவனுக்கொரு அவசரம். நான் அண்ணன்னா, அவன் தம்பியா இருந்துட்டுப் போறான்.”

மறுநாள் காலையில் அப்பா வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு எஸ்டேட் ஆபீஸுக்குப் போனார். நானும் போனேன். “எந் தம்பிதான்,” என்றார் கிளார்க்கிடம். கிளார்க் என்னைப் பார்த்தார். கோயம்புத்தூர் கம்ப்யூட்டர் விஷயம் அதற்குள் எஸ்டேட் முழுக்கப் பரவியிருந்தது.

“மாஷே, மிஷின் என்ன சொல்லிச்சு?”

“ஆமான்னு சொல்லிடுச்சு,” என்றேன். கையிலிருந்த தாள்களையும் நீட்டினேன். அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, மரியாதையோடு திருப்பித் தந்தார். அந்தப் படத்தைப் பற்றிப் பொய் சொன்ன மூன்றாவது ஆள் நான். அம்மாவிடமும் அதையே சொன்னேன். மிஷினே சொல்லிவிட்டது என்றதும் அவள் அன்றைக்கே அவருக்குத் தனித் தட்டு எடுத்து வைத்தாள். கைடிடம் அட்டை மாறிப்போய்விட்டது என்று சொன்னேன். “நான் அப்பவே பறஞ்சேனே,” என்றார். அதோடு முகங்களை விட்டுவிட்டு, பெட்டிகளின் கோட்டுப் படங்களை மிஷின் எப்படிப் புரிந்துகொள்ளும் என்ற வேலைக்குப் போய்விட்டேன். பெட்டிகளுக்குத் தம்பி கிடையாது.

சித்தப்பா ஃபாக்டரிக்கு விறகு சுமக்கும் வேலையில் சேர்ந்தார். சித்தப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்டேன், சாயங்காலம் அண்ணனும் தம்பியும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பீடி குடிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர் திரும்பிப் பார்க்காத நேரத்தில் என் கண் தானாக அவர் முகத்தில் புள்ளி தேடும். ஒரு நாள் அப்பாவின் தாடை மாதிரி தெரியும். மறுநாள் யாரோ முன்பின் தெரியாதவர் உட்கார்ந்திருப்பார். அந்தக் குழப்பம் என்னை விட்டுப் போகவே இல்லை.

எழுபதுகள் முடியும் முன்பே அப்பா போய்விட்டார். நெஞ்சு வலி, மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஜீப்பிலேயே உயிர் பிரிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். அப்பாவுக்கு இருந்தவை அந்த மூணாறு ஸ்டுடியோ போட்டோக்கள்தான். பெட்டியிலிருந்து எடுத்தேன். ஒன்றில் கண் மூடியிருந்தது, ஒன்றில் தலை குனிந்திருந்தது. கண் திறந்திருந்த ஒன்றில் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் நான் குத்திய ஓட்டைகள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வெயில் வந்தது. என் மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

சித்தப்பா எழுந்தார். சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, துண்டால் துடைத்து, விளக்குக்குப் பின்னால் சாய்த்துவைத்தார். அப்பாவுக்கென்று வாங்கியிருந்த மாலையை எடுத்து அதற்குப் போட்டார்.

“அய்யோ, என்ன பண்றீங்க?” என்று பதறினாள் அம்மா. “உசுரோட இருக்குறவுக படத்துக்கு யாராவது மாலை போடுவாகளா? அது ஒங்க படமாச்சே!”

“இது அண்ணன், மதினி,” என்றார் சித்தப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்க முடியாமல் படத்தைப் பார்த்தேன்.

“வந்த அன்னைக்கு நீங்க காட்டுனீங்கள்ல, அப்பவே தெரியும். அண்ணன் பேசாம நின்னாரு. சரி, அவரு வீட்டுல என்னமோ சொல்லி வச்சிருக்காரு, நாம காட்டிக் குடுத்துறக் கூடாதுன்னு, நான்தான்னு சொல்லிட்டேன்.” அவர் என் பக்கம் திரும்பினார். “நான் கப்பல் ஏறுறப்ப என்னத் தூக்கி ஏத்திவிட்டவரு மொகம் மகன் இது. அங்க என்கிட்ட படம் ஒன்னும் இல்ல. மறந்துறக் கூடாதுன்னு தெனமும் நெனச்சுப் பாத்துக்குவேன். மறக்குமா?”

பீடி குடித்த ஏதோ ஒரு சாயங்காலத்தில் அப்பாவே சொல்லியிருக்கலாம். என்னிடம்தான் முதலில் சொன்னார், என்னிடம் மட்டும்தான் சொன்னார் என்று எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா எழுந்து வந்து, படத்துக்குப் பொட்டு வைத்தாள். அப்பாவுக்கு இல்லாத அந்த மீசையை மட்டும் விரலால் துடைத்துப் பார்த்தாள். அது கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.